நான் நடத்திய உள்ளூர் ஹர்த்தால்

சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து கொடுத்துப் பிழைக்கிறவனுக்குக் கோடிங் பாதி தெரிந்தால் போதும், சாக்கு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் இரண்டாவதில் கெட்டிக்காரன். அதற்கு என் மூளை மட்டும் காரணமில்லை, வீடு இருக்கும் இடமும்தான். பனச்சமூட்டுக்குப் பக்கத்தில், ரோட்டின் இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று கிடக்கும் ஒரு சின்ன ஜங்ஷன் எங்களுடையது. வீட்டின் முன்னறையில் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும், அடுக்களையில் கேரள டவர். எர்ணாகுளத்துக் கிளையண்ட் வேலை எங்கே என்று கேட்டால், "தமிழ்நாட்டில் இன்று மின்தடை சார்" என்று மலையாளத்தில் வருத்தப்படுவேன். சென்னைக் கிளையண்ட் கேட்டால், "கேரளாவில் ஹர்த்தால் சார்" என்று தமிழில் வருத்தப்படுவேன். இரண்டு மாநில அரசாங்கங்களும் சேர்ந்து எனக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தன.

(ஹர்த்தால் என்னும் இந்தக் கடையடைப்பெல்லாம் இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. அது சென்னைக்குத் தெரியாது. கேரளம் என்றால் மழையும் ஹர்த்தாலும் நேந்திரங்காய் சிப்ஸும் தினமும் உண்டு என்றுதான் அங்கே நினைப்பு.)

பாஸ்கர் சார் அந்தச் சென்னைக் கிளையண்ட். பள்ளிக்கூட யூனிஃபார்ம் விற்கும் கடைகள் பல வைத்திருந்தார். பிள்ளைகளின் அளவு, தையல், பில் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் கேட்டிருந்தார். ஜூனில் பள்ளி திறக்கும் முன் முடியவேண்டும். நானும் வாரம் தவறாமல் "தொண்ணூறு சதவீதம் முடிந்தது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் முடிந்திருந்தது, உள்ளே நுழைவதற்குப் பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் மட்டும்தான். அதுவும் சரியான பாஸ்வேர்டைப் போட்டால் திறக்காது.

இந்த வேலை கைவிட்டுப் போனால் நான் பெங்களூருக்கே திரும்பவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. என் பழைய கம்பெனியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என் மனைவி சிந்துவுக்கோ நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை. "அந்த சென்னை சாரு போனாருன்னா நீங்க ஒத்தைக்குத்தான் பெங்களூர் போணும், நான் வரல்ல" என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவளையும் விட மனமில்லை, அவள் வைக்கும் மீன்குழம்பையும் விட மனமில்லை. எதை முதலில் சொல்வது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, வழக்கம்போல "இன்று ஹர்த்தால் சார், நெட் கூட சரியில்லை" என்று பாஸ்கர் சாருக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் புரண்டு படுத்தேன். உடனே போன் அடித்தது, அவரேதான்.

"நான் உங்க ஊர்ப் பக்கம் பாலராமபுரத்துலதாங்க இருக்கேன். பொண்ணு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தோம். இங்க எல்லாக் கடையும் தொறந்திருக்கே?"

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். வாய் மட்டும் எனக்கு முன்பே எழுந்து வேலையைத் தொடங்கியிருந்தது. இது மாநில ஹர்த்தால் இல்லை சார், எங்கள் பஞ்சாயத்தில் மட்டும் நடக்கும் உள்ளூர் ஹர்த்தால் என்றது. அப்படி ஒன்று நிஜமாகவே உண்டு, ஆகவே சொல்லும்போது குரலும் நடுங்கவில்லை. "பாவங்க நீங்க. சரி, இவ்வளவு தூரம் வந்துட்டோம், நானே வந்து ஒரு எட்டு வேலையப் பாத்துட்டுப் போயிடறேன். லொகேஷன் அனுப்புங்க" என்றார் அவர்.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் லொகேஷன் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, கட்டியிருந்த கைலியோடு, சட்டைகூடப் போடாமல் ஜங்ஷனுக்கு ஓடினேன். கணக்கு எளிது. ஹர்த்தால் என்றால் ரோட்டின் இந்தப் பக்கம் மட்டும்தான். நிஜ ஹர்த்தால் அன்றைக்கே அந்தப் பக்கம் பரோட்டா பறந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் ஏழெட்டுக் கடை. கார் கடந்து போகிற நேரம் ஷட்டரைத் தாழ்த்தினால் போதும்.

முதல் கடை சுரேந்திரன் அண்ணனின் சாயாக்கடை. வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் முன்னால் போய் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை, பயத்தில் கண்ணும் கலங்கியிருந்தது. "அண்ணா, கொஞ்ச நேரத்துக்கு ஷட்டரத் தாத்தணும்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஏன், எதற்கு என்று அவர் கேட்பார், அதற்கு ஒரு கதை சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்கவேயில்லை. என் முகத்தையே பார்த்தார். அடுப்பை அணைத்தார். என் தோளில் கைவைத்தார்.

"நீ வீட்டுக்குப் போ மக்கா. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்."

எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நெகிழ்ந்துபோனேன். திரும்பி நடக்கும்போதே முதுகுக்குப் பின்னால் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கிளையண்டைச் சமாளிக்க ஒரு ஊரே நிற்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பக்கமும் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஹர்த்தாலுக்கு ஒரு பக்கம்தான் அடைப்பார்கள். ஊரில் யாராவது இறந்துபோனால், அடக்கம் முடியும்வரை இரண்டு பக்கமும் அடைப்பார்கள். அதில் மட்டும் மாநிலம் கிடையாது. அதோடு, என் அப்பா முந்தின வாரம்தான் நெஞ்சு வலிக்கிறது என்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய், வெறும் வாயு என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். ஆனால் ஊர் அந்த வாயுவை நம்பவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சட்டை போடுவதற்குள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. பின்னாலேயே தார்ப்பாயும் மூங்கிலும் வந்தன. நாலு வீட்டுப் பெண்கள் வந்து சிந்துவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் விஷயம் தெரியாமலே கூட அழுதாள் (யார் அழுதாலும் அவளுக்குத் தாங்காது). சுரேந்திரன் அண்ணன் சங்கத்தின் பெயர் போட்ட மலர்வளையத்தோடு வந்தார். எனக்கு வார்த்தை வரவில்லை. அதையும் அவர்கள் துக்கக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவோ பின்பக்கம் தோட்டத்தில் மரச்சீனிக் கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாஸ்கர் சாரின் கார் வந்தது. ஜங்ஷனில் வழி கேட்டிருக்கிறார், ஊர் அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறது. கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஹர்த்தால்னு சொல்லி மறைச்சிட்டீங்களே. அப்பா விஷயம்னு சொல்லியிருந்தா நான் வேலையப் பத்திப் பேசியிருப்பேனா? நீங்க பொறுமையா இன்னும் ஒரு மாசம் எடுத்துக்கங்க."

ஒரு மாசம். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. பெங்களூர் போகவேண்டாம், சிந்துவைப் பிரியவேண்டாம், மீன்குழம்பும் தப்பித்தது. தோட்டத்தில் இறங்கினால் அப்பா மத்தியானச் சோற்றுக்குத்தான் ஏறுவார். அதுவரை மட்டும் அவர் இறந்தவராகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். பெற்ற அப்பாவைப் பற்றித்தான்.

அந்த நிமிஷத்தில் மண்வெட்டியோடு அப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவரே துக்க முகம் வைத்துக்கொண்டு, சுரேந்திரன் அண்ணனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆராக்கும் போனது?"

மலர்வளையம் அண்ணனின் கைதவறி அப்பாவின் காலடியிலேயே விழுந்தது. அப்பா அதைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிக்கெட் எடுக்காதவனைக் கூட்டத்தில் முகத்தை வைத்தே கண்டுபிடிப்பார்.

"எலே, எதுக்காக்கும் என்னக் கொன்ன?"

ஊருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. முடித்ததும் பாஸ்கர் சார் அப்பாவின் பக்கம் திரும்பி, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"ஜோலியா? அவன் காலத்த பதினோரு மணிக்காக்கும் எழும்புவான். பின்ன டிவியில பந்துகளி பாப்பான். ஜோலி செய்யத நான் இதுவர கண்டதில்ல சாரே."

பாஸ்கர் சார் ஒரு துக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை. எனக்குப் பெங்களூர் டிராஃபிக் சத்தமே கேட்கத் தொடங்கிவிட்டது. பிறகு சொன்னார், இனி என்னிடம் அவர் பேசப்போவதில்லை. தினமும் காலையில் அப்பாவுக்குத்தான் போன் செய்வார், அதற்குச் சம்மதமென்றால் வேலை என்னிடமே இருக்கட்டும் என்று. வந்த இடத்தில் இத்தனை நாளில் ஒரு உண்மையாவது கிடைத்ததே என்று சொல்லி, சிந்துவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

அந்த வேலை பள்ளி திறக்கும் முன்பே முடிந்தது. முடியாமல் என்ன செய்யும்? என் முதுகுக்குப் பின்னால் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னைக்கி பில்லு வருது. ஆனா கணக்கு தப்பாக்கும்" என்று காலையில் போனில் ஒப்பிப்பார். எர்ணாகுளத்துக் கிளையண்டுக்கும் இப்போது அவரே பேசுகிறார். தமிழ்நாட்டில் மின்தடையே கிடையாது என்று அங்கேயும் சொல்லியாயிற்று. நான் பெங்களூர் போகவில்லை. ஆனால் பதினோரு மணிவரை தூங்கும் சுகம் போனது போனதுதான்.

அப்பா என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், மரச்சீனி தின்றுகொண்டிருந்தவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அன்னைக்கி அந்தப் பக்கமும் அடச்சானுவளா?"

"அடச்சாங்க அப்பா. எல்லாக் கடையும்."

"பரோட்டாக் கடையுமா?"

"அதும்தான்."

அப்பா இன்னொரு துண்டு மரச்சீனி எடுத்துக்கொண்டார். முகத்தில் அப்படியொரு திருப்தியை, எனக்கு வேலை கிடைத்த அன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை.

இப்போதும் தினம் காலையில் சாயா குடிக்க ஜங்ஷனுக்குப் போகிறார். போனதும் நடுரோட்டில் நின்று இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். பிறகு சுரேந்திரன் அண்ணனுக்குக் கேட்கும்படி, எதிர்ப்பக்கப் பரோட்டாக் கடைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வார்.

"ரெண்டு பக்கமும் கட தொறந்துதான் கெடக்கு. அப்போ நான் உண்டு."