டிஷ்யூ வைக்காத வேலாயுதம்

சிங்கப்பூரில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிக்காத ஒரே மனிதன் தான்தான் என்பது வேலாயுதத்தின் எண்ணம். அது உண்மையாகவும் இருக்கலாம். மற்றவர்கள் தேக்கா மார்க்கெட்டின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு, இது என் இடம் என்று 'சோப்' பண்ணிவிட்டு, அப்புறம் நிம்மதியாக வரிசையில் போய் நிற்பார்கள். வேலாயுதம் முதலில் பிரியாணியை வாங்குவார். பிறகு தட்டை ஏந்திக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் மார்க்கெட்டைச் சுற்றுவார். பிரியாணி ஆறிப்போகும். கொள்கை ஆறாது.

"ஏங்க, ஒரு டிஷ்யூவைப் போட்டுட்டுப் போனா என்னங்க குறைஞ்சிடும்?" என்பார் மனைவி உமாமகேஸ்வரி. அவருடைய கைப்பையில் சீப்பு இல்லாமல் இருக்கும், டிஷ்யூ இல்லாமல் இருக்காது.

"அது கோழைத்தனம் உமா. நம்பிக்கை இல்லாதவன் செய்யிற வேலை. உங்கப்பா அப்படியா செஞ்சாரு? மாப்பிள்ளை பார்க்க வந்தாரு. என்னைப் பார்த்தாரு. அன்னிக்கே, அந்த இடத்துலயே, புது வாட்சை எடுத்து என் கையில கட்டிவிட்டுட்டாரு. யோசிச்சுச் சொல்றேன், இன்னும் நாலு இடம் பார்க்கணும்னு இழுத்தாரா? அதுக்குப் பேருதான் முடிவு!"

இதைச் சொல்லும்போது இடது கையைத் தூக்கிக் காட்டுவார். வாட்ச் மின்னும். உமா உடனே கரும்பு ஜூஸ் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார். வாட்ச் பேச்சு வந்தாலே உமாவுக்குக் கரும்பு ஜூஸ் ஞாபகம் வந்துவிடும். அது ஏன் என்று வேலாயுதம் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்தக் கொள்கைக்குச் சோதனை, மகள் ரக்ஷனாவின் படிப்பு ரூபத்தில் வந்தது.

ரக்ஷனா வக்கீலாக வேண்டும் என்பது வேலாயுதத்தின் ஆசை. அவர் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தது. நைட் ஷிஃப்ட் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. பெட்டிகளுக்குப் பின்னால் ஓடி ஓடி முழங்கால் தேய்ந்துவிட்டது. மகளாவது ஏசி அறையில் கறுப்புக் கோட்டுப் போட்டு உட்கார வேண்டும் என்று அவர் உண்மையாகவே ஏங்கினார். ஏங்கியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிராங்கூனில் இருக்கும் மச்சான், உமாவின் அண்ணன் சுந்தரேசனிடம் தீபாவளியன்றே, "இனிமே உங்க வீட்டுல ஏதாவது கேஸ்னா நம்ம பொண்ணுகிட்ட வாங்க" என்று சொல்லியும் வைத்துவிட்டார். சுந்தரேசன் வீட்டில் எந்தக் கேஸும் இல்லை. கேஸ் இல்லாத குடும்பத்துக்கு வக்கீல் தயாராகிவிட்டார்.

சட்டப் படிப்புக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அதே நாளில் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து இடம் உண்டு என்றும் பதில் வந்தது. அது வெள்ளிக்கிழமை. வேலாயுதம் நைட் ஷிஃப்டில் இருந்தார். மறுநாள் காலை தோசைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் விஷயம் அவர் காதுக்கு வந்தது.

"இன்னொரு இடத்துல என்ன படிப்பு?"

"சப்ளை செயின் மேனேஜ்மென்ட்ப்பா."

"அப்படின்னா?"

"சரக்கு ஓர் இடத்துலேர்ந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகுதுன்னு..."

வேலாயுதத்தின் தோசை பாதி வழியில் நின்றது. "நான் தள்ளுற பெட்டியை நீயும் தள்ளணுமா? அதுக்கு டிகிரி வேறயா?"

"தள்ள மாட்டேன்ப்பா. பிளான் பண்ணுவேன் லா."

"கிடையாது. அப்பீல் பண்றோம். வக்கீல் படிப்பு ஒண்ணுதான்."

"அப்பீல் பண்ணுங்க, யாரு வேணாம்னா?" என்றார் உமா. "அதுவரைக்கும் இந்த இடத்தைக் கையில வச்சுக்கலாமே. அப்பீல் கிடைச்சா அங்க மாறிக்கலாம். அதுக்கு வழியிருக்கு."

"வந்துட்டியா டிஷ்யூவைத் தூக்கிக்கிட்டு! அந்தப் பக்கம் துண்டு போட்டுட்டு இந்தப் பக்கம் கெஞ்சினா எவன் மதிப்பான்? கேட்டுக்குங்க ரெண்டு பேரும். அந்த இடத்துக்கு யாரும் சரின்னு சொல்லக்கூடாது. கெடு தானா முடியட்டும். இது என் முடிவு!"

"சரிங்க," என்றார் உமா.

"ஓகேப்பா," என்றாள் ரக்ஷனா.

வேலாயுதம் திகைத்துப்போனார். எதிர்ப்பு வரும் என்று நம்பி ஒரு பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தார். அதை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உமா இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னால் கூர்மையான கணவன் கொஞ்சம் உஷாராகியிருப்பான். வேலாயுதம் இன்னொரு தோசை கேட்டார்.

அப்பீல் எழுதும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மூணு வயசிலேர்ந்தே எதிர்த்துப் பேசுவேன்னு போடு."

"ப்பா, அதெல்லாம் குவாலிஃபிகேஷன் இல்ல."

"வக்கீலுக்கு அதாம்மா குவாலிஃபிகேஷன். உங்கம்மாகிட்ட வளர்ந்தேன்னும் போடு."

"கேட்குதுங்க," என்றது சமையலறை.

கெடு முடியும் நாளும் வந்தது. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அம்மாவும் மகளும் கடைசி நிமிஷத்தில் எதையாவது தட்டிவிடுவார்களோ என்று வேலாயுதத்துக்குச் சந்தேகம். ஆகவே காலையிலேயே அறிவித்தார். "இன்னிக்கு ஃபேமிலி டே! லிட்டில் இந்தியா போறோம். போன் கிடையாது." இருவரின் போன்களையும் அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க ஒரு கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது. நெஞ்சு வலியா என்று பூக்கடைக்காரர்கூட விசாரித்தார். இன்னொரு கையில் மனைவியும் மகளும் வாங்கிய துணிப் பைகள் சேர்ந்துகொண்டே போயின. புடைவைக் கடை, வளையல் கடை, மறுபடியும் புடைவைக் கடை. 'பாவம், போன் நினைப்பே இல்லாமல் இருக்கிறார்கள்' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

மணி ஐந்தானபோது அங்கேயே இருக்கும் தேக்கா மார்க்கெட்டில் பிரியாணித் தட்டோடு மேசை தேடிக்கொண்டிருந்தார். வாட்சைப் பார்த்தார். ஜெயித்துவிட்டார்! இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல மனைவியையும் மகளையும் தேடினால், அவர்கள் டிஷ்யூ வைத்துப் பிடித்த மேசையில் சாப்பிட்டு முடித்துக் கையே கழுவிவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைதான். சரக்குக் கிடங்கில் டீ குடிக்கும்போது கூட வேலை பார்க்கும் இர்ஃபானிடம் தன் வீரத்தைச் சொன்னார். இர்ஃபானின் டீ தொண்டையிலேயே நின்றது.

"அண்ணே, அப்பீல்ல கிடைக்கிறது லாட்டரி மாதிரி லா. என் அக்கா பையனுக்கு வரல. அவன் கையில வேற இடம் இருந்துச்சு, தப்பிச்சான். உங்களுக்கு இன்னொரு இடம் இருக்குல்ல?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"விட்டுட்டேன்."

இர்ஃபான் தன் பிஸ்கட்டை எடுத்து வேலாயுதத்தின் கையில் வைத்தார். சாவு வீட்டில் கையைப் பிடிப்பதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து வேலாயுதத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் கனவு வந்தது. கனவிலும் அவள் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தன் வறட்டு ஜம்பத்துக்காகப் பிள்ளையின் ஒரு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கண் கலங்கினார். வீட்டுக்குத் தஞ்சோங் பகாரில் இறங்க வேண்டியவர் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

அப்பீலுக்குப் பதில் வந்தது. இல்லை.

ரக்ஷனா படுக்கையில் குப்புற விழுந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வேலாயுதம் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

"அழாதம்மா. அப்பா தப்புப் பண்ணிட்டேன்." அவர் குரல் உடைந்தது. "உமா, நீ சொன்னதுதான் சரி. கையில இருந்ததையும் விட்டுட்டேன். இப்ப என்ன செய்யிறது? நீ என்ன சொன்னாலும் கேக்கிறேன்."

"என்ன சொன்னாலுமா?" என்றார் உமா.

"என்ன சொன்னாலும்."

"அப்ப எங்கண்ணனுக்குப் போனைப் போடுங்க. என் பொண்ணு சப்ளை செயின் படிக்கப் போறா, எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க."

"எங்கடி படிக்கப் போறா? இடம்தான் போச்சே!"

"இடத்தை நான் பார்த்துக்கிறேன். நீங்க பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசுங்க."

வேலாயுதம் பேசினார். பெருமையாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். அவர் குரலைக் கேட்டுவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, ஜலதோஷமா?" என்றார் சுந்தரேசன்.

போனை வைத்ததும் ரக்ஷனா எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அவ்வளவு நேரமும் சிரித்திருக்கிறாள்.

"ப்பா, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. வக்கீல் படிப்புக்கு உங்களுக்காகத்தான் போட்டேன். நீங்கதான சொல்வீங்க, பந்தயக் குதிரை பிளேன்ல ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சப்ப நீங்களே கூட நடந்து போய் ஏத்திவிட்ட கதை. மழையில பூப்பெட்டிங்க மாட்டிக்கிட்ட கதை. எங்கேயோ கிளம்புற ஒரு பெட்டி கரெக்டா ஒருத்தர் கைக்குப் போய்ச் சேருதுல்ல? அதுக்குப் பின்னால எங்கப்பா இருக்காருன்னு சின்ன வயசுல எவ்வளவு கெத்தா இருக்கும் தெரியுமா?"

தன் வேலையைப் பற்றி இப்படி ஒருத்தரும் சொல்லி வேலாயுதம் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சினார். உமா கைப்பையைத் திறந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

"துடைச்சுக்குங்க. இடமெல்லாம் போகல. அன்னிக்கே சரின்னு சொல்லியாச்சு."

"என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமையே. மெயில் வந்த கையோட. நீங்க சபதம் போட்டது சனிக்கிழமைங்க."

"அப்ப அந்த ஃபேமிலி டே? நான் நெஞ்சுல கை வச்சு போனைக் காவல் காத்தது?"

"பை தூக்க ஆள் கிடைச்சுதே," என்றார் உமா. "அப்பீலையும் ஒழுங்காத்தான் அனுப்பினா. கிடைச்சிருந்தா போயிருப்பா. பிள்ளைக்கு எந்தக் கதவையும் சாத்தக்கூடாதுங்க."

வேலாயுதத்தின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பி கேட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் மனிதருக்குக் கொஞ்சமாவது மானத்தை மீட்கவேண்டியிருந்தது.

"சரி, இதுல நீ ஜெயிச்சே. ஆனா ஒண்ணு உமா. என் விஷயத்துல யாரும் டிஷ்யூ வைக்கல. உங்கப்பா என்னைப் பார்த்த அன்னிக்கே..." இடது கை மேலே போனது.

"அந்த வாட்ச் கதையை இன்னிக்கு விட்டுடுங்களேன்," என்றார் உமா.

"விட்டுருங்கப்பா. ப்ளீஸ் லா," என்றாள் ரக்ஷனா.

"ஏன் விடணும்?"

வீட்டுக்குள் கரும்பு ஜூஸ் கடை இல்லை. உமா திரும்பிக்கொள்ள வழியில்லாமல் நின்றார்.

"அப்ப ஒரு பேங்க் மாப்பிள்ளை இருந்தாருங்க. அவங்க வீட்டுல எங்க இடம் வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு மனசு கேக்கல. இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்கன்னு தெரிஞ்சவங்க மூலமா சொல்லி அனுப்பியிருந்தாரு. பதில் வர்ற வரைக்கும் கையில ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

வேலாயுதம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப இது?"

"டிஷ்யூ பாக்கெட்டுதாங்க."

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"அந்த அப்பீல் என்னாச்சு?"

உமா டிஷ்யூ பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"இன்னும் பதில் வரலைங்க."