பத்துப் பேர் சேர்ந்தால் முற்றுகை

ஒரு சினிமா ஓட வேண்டும் என்பதற்காகத் தன் சாவுக்கு வந்தவர்களையே டிக்கெட் வாங்க வைத்த மனிதர் புதுச்சேரியில் ஒருவர்தான். அவர் பெயர் பொணம் அண்ணன். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். குருசுக்குப்பத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

படத்தை ஓட வைக்கும் யோசனை உதித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, தியேட்டர் கவுன்ட்டரில். பதினொன்றரை மணிக் காட்சி. வந்திருந்தது நான்கு பேர். நான், ஒரு காதல் ஜோடி (அவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் அல்ல), நாற்பத்தைந்து வயதில் ஒரு ஆள். அவர் கால்சட்டை முழுக்கச் சிமென்ட் பால்.

மேனேஜர் கையை விரித்தார். “பத்து பேர் இல்லன்னா ஷோ கிடையாது. ஏ.சி. போட்டா கட்டுபடி ஆவாது.”

ஜோடியின் முகம் வாடியது. சிமென்ட்காரர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

“ஆறு பேர்தான கொறையுது?”

“ஆமா.”

“இருங்க, இட்டாரேன்.”

பால் வாங்கப் போகிறவர் மாதிரி வெளியே போனார். கால் மணி நேரத்தில் ஆறு பேரோடு வந்தார். இளநீர் வண்டிக்காரர், பெங்களூரிலிருந்து வந்து கழிப்பறை தேடிக்கொண்டிருந்த மூன்று பேர், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு மருந்துக் கம்பெனி ஆள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றைச் சொல்லியிருக்கிறார். பெங்களூர்க்காரர்களிடம் “உள்ள பாத்ரூம் சுத்தமா இருக்கும்.” பெரியவரிடம் “படத்துல பிரெஞ்சு பேசறாங்க முசியே, சரியா பேசறாங்களான்னு நீங்கதான் சொல்லணும்.”

பெரியவர் சொன்னார். படம் முழுக்கச் சொன்னார். திரையில் பிரெஞ்சு கவர்னர் வாயைத் திறந்தபோதெல்லாம் “நோன்! நோன்! செ பா சா! அப்படி இல்லை!” என்று கைத்தடியால் தரையைத் தட்டினார். ஆனால் மறுநாளும் வந்தார். தப்பைத் திருத்துகிற சுகம் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. என் வயிற்றெரிச்சலே அதுதான். எங்கள் ஊர்க் கோட்டையை இங்கிலீஷ்காரன் வளைத்து, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டு, கடைசியில் கல் மேல் கல் இல்லாமல் இடித்துப்போட்ட கதை. வெள்ளைக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை, செத்தது நம் ஆட்கள். இதைத் தமிழில் ஒருத்தன் படமாக எடுத்திருக்கிறான் என்பதே அதிசயம். எடுத்தவன் பட்ட பாடு அதைவிட அதிசயம். பாதியில் தயாரிப்பாளர் ஓடிப்போனார். மீதியை முடித்தால் இரண்டு பேர் படம் என்னுடையது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஏழு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. அதற்குள் ஹீரோ பெரிய ஆளாகிவிட்டார். “அந்தப் படமா? நான் மறந்தே போயிட்டேன்” என்று பேட்டியில் சிரித்தார். அவர் ரசிகர்களும் தலைவர் வழியில் மறந்துவிட்டார்கள். கடைசியில் தமிழ்நாடு முழுக்கக் கைவிரலில் எண்ணுகிற அளவு தியேட்டர். எங்கள் ஊருக்கு ஒரே ஒரு திரை, ஒரே ஒரு காலைக் காட்சி. கூலிக்குப் போகிறவன் போய்விட்ட பிறகு, சும்மா இருக்கிறவன் எழுந்திருக்கும் முன்னால்.

இடைவேளையில் சிமென்ட்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி இன்னா படிச்சிருக்க?”

“எம்.ஏ. ஹிஸ்டரிண்ணே.”

“வேலை?”

“ரெட்டியார்பாளையத்துல பிளெக்ஸ் கடையில டிசைன் பண்றேன்.”

“அது சரி” என்றார். என் படிப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் கருத்துச் சொன்னதில்லை.

“நீங்கண்ணே?”

“டைல்ஸ் வேலை. இந்தப் படத்துல நடிச்சிருக்கேன்.”

“என்ன ரோல்?”

“பொணம்.”

இரண்டாம் பாதியில் முற்றுகை முடிந்து, மைதானம் நிறையப் பிணங்கள் கிடக்கும் காட்சி வந்தது. அண்ணன் சீட்டில் ஏறி நின்று விசில் அடித்தார். “தோ! இடது பக்கம், பீரங்கி சக்கரத்தாண்ட!” பெங்களூர்க்காரர்கள் கை தட்டினார்கள். பிணத்துக்குக் கைதட்டல் விழுந்து அன்றுதான் பார்த்தேன்.

படம் முடிந்ததும் அண்ணன் நேராக மேனேஜரிடம் போனார். “சார், எத்தினி நாள் ஓட்டுவீங்க?”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வியாழன் வரைக்கும் தெனம் பத்து பேர் வந்தா அடுத்த வாரமும் ஓட்டறேன். ஒரு நாள் கொறைஞ்சாலும் தூக்கிடுவேன்.”

“வார்த்தை மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்யா.”

இப்படித்தான் இரண்டு பேர் மட்டுமே உள்ள ரசிகர் மன்றம் தொடங்கியது. ஹீரோ இல்லை, கொடி இல்லை. எங்கள் லட்சியம் ஒரே ஒரு எண். பத்து.

சனி, ஞாயிறு சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் படித்தவன் அல்லவா, அப்படித்தான் நினைப்பேன். ஊர் பூராவும் வெளியூர்க் கார்கள். எந்த ஊருக்காக நம் ஆட்கள் பட்டினி கிடந்து செத்தார்களோ அந்த ஊரின் மஞ்சள் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலை மடக்கிப் போட்டோ எடுக்கிறார்கள். போய்க் கூப்பிட்டேன். “ஹிஸ்டாரிக்கல் படம் சார், இந்த ஊரைப் பத்திதான்.” ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பக்கத்துல ஒயின்ஷாப் எங்க தம்பி?” என்றார். உள்ளூர்க்காரர்கள் இன்னும் மோசம். “நம்ம தோத்த கதைய காசு குடுத்து வேற பாக்கணுமா?” என்றான் என்னோடு கல்லூரியில் படித்தவன். ஜெயித்த கதை வேண்டுமாம். அதற்கு முதலில் ஜெயித்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு நாளும் அண்ணன்தான் காப்பாற்றினார். டைல்ஸ் ஒட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்களை எல்லாம் இழுத்து வந்தார். வராதவர்களிடம், “சரி, உங்க பாத்ரூம்ல தண்ணி நிக்கிதுன்னு இனிமே என்னைக் கூப்புடாதீங்க” என்றார். வந்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் அதே இடத்தில் எழுந்து விசிலடித்தார். ஞாயிற்றுக்கிழமை, “தோ, வலது பக்கம், குப்புற!” என்றார்.

“முந்தாநேத்து இடது பக்கம்னீங்களே?”

“அது முந்தாநேத்து” என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை சரியாகப் பத்துப் பேர், அதில் பெரியவரும் நாங்களும் சேர்த்தி. இனி ஆள் இல்லை. விளம்பரம் வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஹீரோ படத்தைப் போட்டு ஒரு பிளெக்ஸ் அடித்தேன். அவருடைய மன்றத்துப் பையன்கள் கடைக்கே வந்து, “தலைவர் மூஞ்சிய இந்தப் படத்துக்குப் போட்டா கிழிச்சிடுவோம்” என்றார்கள். நடித்தது தலைவர்தானே என்றேன். “அது அப்ப” என்றார்கள்.

“என் மூஞ்சியப் போடு தம்பி” என்றார் அண்ணன். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பிணமாகவே போஸ் கொடுத்தார். கடையில் அன்று ஏழு ஆர்டர் காத்திருந்தது. அவசரத்தில் கம்ப்யூட்டரில் திறந்திருந்த டிசைனிலேயே அவர் படத்தை ஒட்டினேன். ‘நம் மண்ணின் வீரர், திரண்டு வாரீர், காலை 11.30’ என்று எழுதினேன். தியேட்டர் பெயரைக் கீழே சின்னதாகப் போட்டேன். அண்ணனின் சொந்தக்காரர்கள் அதிகம் இருக்கும் பிள்ளைச்சாவடி கிராமத்து முனையில் சாயங்காலமே கட்டிவிட்டு வந்தோம்.

கம்ப்யூட்டரில் திறந்திருந்தது கண்ணீர் அஞ்சலி டிசைன். கறுப்புக் கரையும், இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கும் அப்படியே இருந்தன. தினம் நாலு அடிக்கிறவன் கண்ணுக்கு அது தெரியாது. பிள்ளைச்சாவடிக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் நான் நிற்கும்போதே ஒரு டாடா ஏஸ், இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியது அவருடைய அத்தை. கையில் ஆள் உயர ரோஜா மாலை.

“என் ராசா! டைலு ஒட்டப் போன எடத்துல கரன்ட் அடிச்சிதோ, இன்னா ஆச்சோ! ஒரு போன் பண்ணலியே எவனும்!”

உள்ளேயிருந்து வாய் நிறைய நுரையோடு அண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னா அத்தே, காலங்காத்தால?”

அழுகை பிரேக் போட்டு நின்றது. அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு அறை விட்டாள்.

“செத்தவன் பல்லு வெளக்கறான் பாரு! வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்டா!”

“அந்த மாலைய இன்னா பண்றது?” என்றார் பின்னால் ஒருவர்.

நானாக இருந்தால் கடலில் குதித்திருப்பேன். அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு, வந்தவர்களை ஒவ்வொருவராக விரலால் எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது.

“லீவு போட்டது போட்டுட்டீங்க. பதினொன்னரைக்கு ஷோ. வண்டிய தியேட்டருக்குத் திருப்பு.”

தியேட்டர் அப்படி ஒரு காட்சியைக் கண்டிருக்காது. வந்தவர்கள் பாதி அழுது நிறுத்தியவர்கள். மீதி அழுகை உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. திரையில் பசிக்கொடுமை தொடங்கியதும் அது வெளியே வந்தது. பிள்ளைக்குக் கஞ்சி இல்லாத தாயைப் பார்த்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். கோட்டைக் கதவைத் திறக்க ஒருவன் போனபோது அத்தை எழுந்து நின்று கத்தினாள். “அடப்பாவி, தொறக்காதடா! வெளிய நிக்கறான்டா!” பெரியவர் பிரெஞ்சுத் திருத்தத்தை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார். அந்தப் படத்தை அது எடுக்கப்பட்ட நோக்கத்தோடு பார்த்த ஒரே கூட்டம் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

பின்வரிசையில் ஒரு புண்ணியவான் அதை செல்போனில் எடுத்திருக்கிறான். ‘படத்துக்குப் போன இடத்துல எழவு’ என்று தலைப்பு வைத்துப் போட்டான். சாயங்காலத்துக்குள் ஊர் சிரித்தது. புதன்கிழமை நாடு சிரித்தது. ஏழு வருஷமாகத் தன் படத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஹீரோ, அந்தக் கிளிப்பைப் பகிர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று போட்டார். அவர் படத்துக்காக அவர் செய்த ஒரே விளம்பரம்.

சிரித்தவர்களில் பத்துப் பேர் புதனும் வியாழனும் வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்பது உண்மை. கணக்குக் குறையவில்லை. வியாழன் காட்சிக்கு முன்னால் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

“இன்னியோட எடுத்துடறேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “பத்து பேர்தான சார் கேட்டீங்க? ஒரு நாள் கொறைஞ்சிதா?”

“கொறையல. ஆனா எழவு தியேட்டர்னு பேர் வந்துடுச்சி தம்பி. அதுவும் இல்லாம நாளைக்கு பெரிய படம் வருது. அஞ்சு ஷோ.”

யாருடைய படம் என்று கேட்கவில்லை. வெளியே அதே மன்றத்துப் பையன்கள் கட்-அவுட்டுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த டைலு தூக்கிக்கினு இருக்கு சார். கூட்டம் வரும்போது யாராச்சும் தடுக்கி வுழுந்துடப் போறாங்க” என்றார்.

கடைசிக் காட்சியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மைதானம் வந்தது. இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னிக்கி எதுண்ணே நீங்க?”

“நான் இதுல இல்ல தம்பி.”

திரையில் புகை நகர்ந்துகொண்டிருந்தது.

“ஷூட்டிங்ல மூச்சு வுடாம படுன்னான் அசிஸ்டன்ட் டைரக்டரு. மூணு வாட்டி வுட்டுட்டேன். சிமென்ட் தூசி, நெஞ்சு ஏறி எறங்குது, இன்னா பண்றது? எந்திரிச்சி வெளிய போடான்னுட்டான். ஊர்ல சொன்னா சிரிப்பானுங்கன்னு நடிச்சேன்னே சொல்லிட்டேன்.”

“அப்ப தெனம் காட்டினது?”

“அதெல்லாம் நம்ம ஆளுங்கதான். சக்கரத்தாண்ட கெடக்கறது மேஸ்திரி, என் கூட வேலை செஞ்சவரு. வலது பக்கம் குப்புற கெடக்கறது மில்லு மூடுனதும் வாட்ச்மேனா போனவரு. அந்தாண்ட ரெண்டு பேரு அண்ணன் தம்பி. மதியானம் பூரா வெயில்ல கெடந்தானுங்க. வெளிய போன்னாலும் நான் வீட்டுக்குப் போகல, கயித்துக்கு இந்தாண்ட நின்னு பாத்துக்கினே இருந்தேன். டைட்டில்ல எவன் பேராச்சும் வந்துதா? யாரு எங்க கெடந்தான்னு எனக்குத்தான் தெரியும். நான் கைய காட்டலன்னா யார் காட்டுவான்?”

நான் எம்.ஏ. ஹிஸ்டரி. மேஸ்திரி எங்கே கிடக்கிறார் என்று திரையில் தேடினேன்.

வெள்ளிக்கிழமை கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடந்தபோது நாங்கள் எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் செல்போனைக் காட்டினார். கடலூரில் ஒரு தியேட்டர், அடுத்த வாரம் ஒரே ஒரு காலைக் காட்சி போடலாமா என்று யோசிக்கிறார்களாம். போன் செய்து கேட்டுவிட்டார். அங்கே பதினைந்து பேர் வேண்டுமாம்.

“கடலூர்ல யாரை இட்டாருவீங்க? அங்க உங்களுக்கு ஒரு பாத்ரூம்கூடத் தெரியாதே!”

“எறங்கி நின்னா நாலு பேரு தெரிய மாட்டானா?”

பெரியவர் சரி என்றுவிட்டார். அத்தை இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு டாடா ஏஸ் கேட்டிருக்கிறாள். இதுவரை ஆறு பேர். நான் கடையில் லீவு சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, போகிற வருகிறவர் கையைப் பிடித்து இழுக்கும் இந்த மனிதரைப் பார்த்துக் கடலூர்க்காரன் எவனாவது “யாருய்யா இந்த ஆளு?” என்று கேட்பான். எங்க அண்ணன் என்று சொல்ல ஒருத்தன் பக்கத்தில் இருக்க வேண்டும்.