டிரையர் அடுப்பில் வைத்த கருவாட்டுக் குழம்பு

வேலைக்குப் போகிற பெண்களுக்காகப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்: 'பத்தே நிமிடத்தில் சுவையான இரவுச் சாப்பாடு!' அதைப் பார்த்தாலே நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அப்படி ஒரு யோசனையை ஒரு காலத்தில் நானும் கண்டுபிடித்தேன். நேரம் மிச்சம், விறகு மிச்சம், ருசிக்கும் குறைவில்லை. யோசனையில் ஒரு பிழையும் கிடையாது. குழம்பும் அருமையாகத்தான் வந்தது. வேலைதான் போய்விட்டது.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி கோலா தெர்லா போகிற பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் வேலு, கொழுந்து ஏற்றுகிற லோரி ஓட்டினார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மலையில் கொழுந்து கிள்ளினேன். முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படுதா, அதற்குள் எப்படியோ நுழைந்துவிடும் அட்டை, விடாத மழை. (கேமரன் மலைக்கு ஊர் சுற்ற வருகிறவர்கள் 'ஆகா, என்ன குளிர்ச்சி!' என்பார்கள். அவர்களுக்கு ஒரு கூடையை மாட்டிவிட வேண்டும்.)

அப்படி இருந்தவளுக்கு ஆலைக்குள் வேலை கிடைத்தது. தூள் சலிக்கிற அறையில் பலகையில் உட்கார்ந்து காம்பு பொறுக்கும் வேலை. மழை இல்லை, அட்டை இல்லை, உலர்த்துகிற டிரையரின் சூடு சுவரைத் தாண்டி வந்து முதுகில் படும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பலகையின்மேல் ஒரு கண். ஆனால் எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆலையைக் கவனிக்கிற டீமேக்கர் ஐயா என்னைப் பார்த்து 'சரி' சொன்னால் நிரந்தரம். சொல்லாவிட்டால் பழையபடி கூடை.

முதல் நாளே அவர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: "தேயிலைத் தூளு இருக்கே, பக்கத்துல எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கும். அதனால இங்க தலையில பூ கூடாது. பவுடர் கூடாது. சென்ட்டு, தைலம் எதுவும் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. என்னைப் போல அதைக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. திருவிழாவன்றுகூட என் தலையில் ஒரு பூ கிடையாது. தலை பிளந்தாலும் தைலம் தொடமாட்டேன். டீமேக்கர் ஐயா ஒருமுறை மற்றவர்களிடம் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் தொல்லையெல்லாம் வேலை முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. ஆலைச் சங்கு ஊதி, நான் லயத்துக்கு நடந்து வந்து சேரும்போது இருட்டிவிடும். பனியில் விறகு நமுத்திருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்து, மூக்கில் ஒழுகி, ஒரு வழியாக அடுப்பு பற்றினால் பருப்பு வேகாது. அந்த உயரத்தில் தண்ணீர் சும்மா கொதிக்கிற மாதிரி பாவனை காட்டும், பருப்பு உள்ளே சொகுசாகக் குளித்துக்கொண்டிருக்கும். மற்ற வீடுகளில் மாமியாரோ யாரோ மதியத்திலிருந்தே அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவரும் வேலைக்குப் போய்விடுவோம்.

"சரசு, இது பருப்பா, ரோட்டுக்குப் போடுற கல்லா?" என்பார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"மலையில வேகலைங்க. நான் என்ன செய்ய?"

"செய்ய வேணாம்லா. சும்மா கேட்டேன்."

அந்த 'சும்மா கேட்டேன்' என்னைத் தூங்கவிடாது. தினமும் சாயங்காலம் சங்கு ஊதும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். காலையில் எழுந்ததும் முதல் கவலை, ராத்திரிக்கு என்ன. காம்பு பொறுக்கும்போதும் அதே கவலை. இதற்கா கல்யாணம் கட்டினோம் என்று உண்மையாகவே மனம் விட்டுப்போன நாட்கள் அவை.

அப்போதுதான் டிரையர் அடுப்பு கண்ணில் பட்டது.

டிரையருக்குப் பின்பக்கம் ஒரு பெரிய அடுப்பு, காலை முதல் சாயங்காலம் வரை எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக் காற்றை ஒரு பெரிய காற்றாடி இழுத்து டிரையருக்குள் தள்ளும், அதில்தான் தேயிலை காயும். அடுப்பைக் கவனித்தவர் காளியண்ணன். அவர் தன் தேத்தண்ணிக்கு வெந்நீர் வைக்க, அடுப்பின்மேல் செங்கல் விளிம்பில் ஒரு குவளையை வைத்திருப்பார். நான் நின்று அந்தக் குவளையையே பார்த்தேன். எவ்வளவு நெருப்பு! அத்தனையும் இலைக்கே போகிறது. மனுஷருக்குப் பருப்பு வேகவில்லை.

"அண்ணே, ராத்திரிக்கு ஒரு பருப்பு இங்க வெச்சுக்கவா?"

"வையி தங்கச்சி. யாரு கேக்கப் போறா? எனக்கும் ஒரு கரண்டி ஊத்திரு, போதும்."

கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் பருப்பும் மஞ்சளும் தண்ணீரும் போட்டு, மூடியை இறுக்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளிம்பில் வைத்தேன். சாயங்காலம் திறந்தால், வெண்ணெய்! கரண்டியால் தொட்டதும் கரைந்தது. வீட்டுக்குப் போய்த் தாளித்தேன், சோறு வடித்தேன், முடிந்தது. என் கணவர் சாப்பிட்டுவிட்டு என்னையே பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கொண்டைக்கடலை, அதற்கடுத்து மரவள்ளிக்கிழங்கு என்று எல்லாம் வெந்தன. எனக்குக் கர்வம் தலைக்கேறியது. லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்று மற்ற பெண்களுக்கு உபதேசம் செய்தேன். "வேலைக்குப் போற பொம்பளைக்கு மூளை வேணும். அடுப்பப் பாத்து அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா ஆகாது" என்றேன். (போன வாரம்வரை அழுதவள் நான்தான்.)

தாப்பாவுக்கு லோரியில் போய் வந்த என் கணவர் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். நல்ல கொழுத்த கருவாடு. "எத்தனை நாளைக்குப் பருப்பும் கடலையும்? கத்திரிக்கா போட்டு ஒரு கொழம்பு வையேன், சரசு" என்றார். அவர் கேட்டு நான் எதையாவது செய்து கொடுக்க முடிகிற நிலைமையே அப்போதுதான் வந்திருந்தது. மனம் குளிர்ந்துபோனேன்.

மறுநாள் புளி கரைத்து, மசாலா போட்டு, கத்திரிக்காயும் கருவாடும் சேர்த்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி, வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். பூ கூடாது, பவுடர் கூடாது, தைலம் கூடாது என்பது அந்த நிமிடமும் எனக்கு மனப்பாடம். கருவாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக என் மண்டைக்கு எட்டவே இல்லை.

யாருக்குமே நாற்றம் தெரியாமல் போனது எப்படி என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். சலிக்கிற அறையில் தூசிக்காக நாங்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்போம். காளியண்ணனின் மூக்கு புகையில் என்றைக்கோ செத்துவிட்டது. சாயங்காலம் நான் போனபோது சட்டி இருந்தது, மூடியைக் காணோம். கொதித்த வேகத்தில் எங்கேயோ எகிறி விழுந்திருக்க வேண்டும். "காலையில தேடித் தரேன் தங்கச்சி" என்றார் அண்ணன். நான் ஒரு துணியால் சட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கணவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நான் நிம்மதியாகத் தூங்கிய கடைசி இரவு அது.

மறுநாள் காலை தோட்டத்து மேனேஜர் துரையும், கோலாலம்பூரிலிருந்து தேயிலை ருசி பார்க்க வந்த ஒரு பெரியவரும் ஆலைக்கு வந்தார்கள். நேற்றுக் காய்ந்த தூளைத் தேத்தண்ணியாக வடித்து, வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக வைத்திருந்தார் டீமேக்கர் ஐயா. பெரியவர் கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவார், வாயில் சுழற்றித் துப்புவார், அடுத்த கோப்பைக்குப் போவார். ஒரு கோப்பையில் உறிஞ்சியவர் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கன்னம் உப்பியபடி அப்படியே நின்றார். பிறகு துப்பிவிட்டுக் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தார். துரை குடித்துப் பார்த்தார். டீமேக்கர் ஐயா குடித்தார், அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டிரையருக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு!" என்று கத்தினார் ஐயா. "எல்லாத்தையும் நிப்பாட்டு!"

டிரையர் நின்றது, காற்றாடியும் நின்றது. வேலைக்காரர்கள் குழாய்களைக் கழற்றினார்கள். ஒருவரைக் காற்றுப் போகிற பாதைக்குள் ஊர்ந்து போகச் சொன்னார்கள். பெண்கள் எல்லாரும் வெளியே வந்து கூடி நின்றோம். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் ஐயாவுக்குப் பிடித்த பெண் அல்லவா நான்? முன்னால் போய், "எலியாத்தான் இருக்கும் ஐயா. எலி செத்தா இப்படித்தான் நாறும்" என்று விளக்கம் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே போனவர் வெளியே வந்தார். கையில் எலி இல்லை. ஒரு எவர்சில்வர் மூடி இருந்தது. காற்றாடியின் வாய்க்குப் பக்கத்திலேயே கிடந்ததாம், ஓரத்தில் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தால் பெயர் வெட்டாமல் கொடுக்கமாட்டார்கள். டீமேக்கர் ஐயா மூடியை வெளிச்சத்தில் திருப்பி, புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்ததை ஊருக்கே கேட்கும்படி படித்தார்:

"வேலு, சரஸ்வதி திருமணத்திற்கு, கம்பார் பெரிய மாமாவின் அன்பளிப்பு."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. இப்போதுதான் உறைத்தது. கருவாட்டு ஆவி முழுவதையும் அந்தக் காற்றாடி இழுத்து, ஒரு சொட்டு வீணாக்காமல் தேயிலைக்குள் தள்ளியிருக்கிறது.

"உன்னையத்தானேம்மா நான் எல்லாருக்கும் காட்டினேன்?" என்றார் ஐயா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பூவு, பவுடரு, தைலம்னுதான ஐயா சொன்னீங்க? கருவாடு வைக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லியே!"

(இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்கும் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார்.)

அவரையும் லோரியிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார்கள். ஐயா மூடியைக் காட்டி, "வேலு, நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

"கருவாட்டுக் கொழம்புங்க."

"எப்படி இருந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நல்லா இருந்துச்சுங்க ஐயா. தேயிலை வாடைதான் லேசா அடிச்சிச்சு."

டீமேக்கர் ஐயா இதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்ல, கோலாலம்பூர்ப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரை சிரிக்கவில்லை. காளியண்ணனுக்குச் செம திட்டு விழுந்தது. ஆனால் அந்த அடுப்பு அவர் சொன்னால்தான் கேட்கும், அதனால் தப்பித்தார். என் பலகை அன்று மதியமே வேறொரு பெண்ணுக்குப் போனது.

மறுநாள் விடிகாலை கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். மழை கொட்டியது. தேயிலைச் செடி நிரையில் நின்று வாய்விட்டு அழுதேன். மலையில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், வெளிச்சம் இருக்கும்போதே கூடையை இறக்கிவிட்டோம். இவ்வளவு நாளாக நான் எதற்கு ஏங்கினேனோ, சமைக்க அந்த நேரம் கிடைத்துவிட்டது. கைகாலில்தான் உயிர் இல்லை.

அத்தோடு விட்டதா? லயத்துக்குத் தோட்டத்திலிருந்து தூள் கொடுப்பது வழக்கம். விற்க முடியாமல் போன அந்தத் தூளை எங்கள் லயத்துக்கே கொடுத்துவிட்டார்கள். எந்த வீட்டில் தேத்தண்ணி கலக்கினாலும் என் கருவாடு மணந்தது. குழாயடியில் நான் உபதேசம் செய்த அத்தனை பெண்களும் என்னைக் கண்டால், "சரசு, அடுத்த மாசத் தூளு என்ன கொழம்பு?" என்று கேட்டார்கள். அந்தத் தூள் தீரவே தீராது போலிருந்தது.

வேலை போன அன்று இரவு நான் அடுப்பைத் தொடவில்லை, குப்புறப் படுத்துக் கிடந்தேன். என் கணவர் பிரிஞ்சாங் போய் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு டின் சார்டின் மீனும் வாங்கி வந்தார். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, சார்டினைக் கொட்டி ஒரு பிரட்டு பிரட்டி, என் முன்னால் தட்டை வைத்தார்.

"பாத்தியா? இவ்வளவுதான்லா சமையலு. இனிமே நீ ஒன்னும் யோசிக்க வேணாம், நான் பாத்துக்கறேன்."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். உலகத்தில் இவரைப் போல ஒருவர் உண்டா என்று நினைத்தேன். அதே சார்டினை அவர் மறுநாளும் செய்தார், அதற்கு மறுநாளும் செய்தார். மனுஷனுக்கு வேறொன்றும் தெரியாது. வேலை நாள் ராத்திரி என்றால் எங்கள் வீட்டில் சார்டின் என்று சட்டமாகிவிட்டது. "மாத்தி ஏதாவது செய்யலாமேங்க" என்று நான் வாயைத் திறந்தால் போதும், "டிரையர்ல வெச்சிருவமா?" என்பார். சாப்பாட்டைக் குறை சொல்கிற உரிமையும் அந்த வேலையோடு போய்விட்டது.

என் மகள் கல்யாணத்துக்கு ஈப்போவில் பாத்திரம் எடுக்கப் போனோம். ஒரு நல்ல தூக்குச்சட்டியை மகள் ஆசையாக எடுத்து வைத்தாள். கடைக்காரர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேரு வெட்டணும்?" என்று கேட்டார்.

நான் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "பேரு வேணாம்லா. எங்க வீட்டுப் பொண்ணு இதை எங்க கொண்டுபோய் வெப்பான்னு சொல்ல முடியாது. மூடி கிடைச்சாலும் யாரோடதுன்னு தெரியக் கூடாது."

மகள் கதையைச் சொல்ல, கடைக்காரர் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய? அந்தச் சட்டி பெயரில்லாமலே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அன்று அலைந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது இருட்டியிருந்தது, எல்லாருக்கும் நல்ல பசி. வாய் தவறி, "ராத்திரிக்கு என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்துபோய் டின்னை வெட்ட ஆரம்பித்தார்.