குடும்பப் படம் என்று எழுதியது நான்தான்

ஆன்லைனில் ஆறு வாரம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். டாக்டருக்குப் படிப்பவர்கள்கூட வருஷக்கணக்கில் படித்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பார்கள். ஆறு வாரக்காரர்கள் ஏழாவது வாரமே ஆள் தேடக் கிளம்பிவிடுவார்கள். நானும் கிளம்பினேன். பிரசவ விடுப்பில் இருந்தபோது, குழந்தை தூங்கும் நேரத்தில் (அதாவது நானும் தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில்) உலகத் திரைப்பட ரசனை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். படித்து முடித்தபோது ‘ஃபிரேம்’ என்ற சொல் இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. டயப்பர் மாற்றும்போதுகூட ஃபிரேம் சரியில்லை என்று நான் சொன்னதாக என் கணவர் பிரசன்னா இன்றும் சாதிக்கிறார்.

தெலுங்கு ஊரான அல்வாலில் எங்கள் அபார்ட்மென்டில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். மத்திய அரசில் வேலை பார்த்து ரிடையரானவர்கள், அவர்கள் பிள்ளைகள், எங்களைப் போலக் கொண்டாப்பூருக்கு ஓடும் ஐ.டி. கும்பல். மாதம் ஒரு ஞாயிறு கீழே அசோசியேஷன் ஹாலில் ஏதாவது நிகழ்ச்சி நடக்கும். செயலாளர் சுந்தரம் சார், “இந்த மாசம் நீ ஏதாவது செய்யேம்மா” என்றார். மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வகுப்பில் பார்த்து நான் சொக்கிப்போன பழைய கொரியப் படம் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளை. ஒரு வசதியான வீடு, கணவன், மனைவி, புதிதாக வேலைக்கு வரும் ஒரு பெண். வீட்டுக்காரர் அவளிடம் வழிகிறார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் எதைக் குடித்தாலும் நமக்குப் பகீரென்கிறது. திகில் படம் என்று அறிவிப்புப் போட்டால் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். படத்தில் குடும்பம் இருக்கிறதா? இருக்கிறது. அப்புறமென்ன? ‘கொரியக் குடும்பப் படம், அனைவரும் குழந்தைகளுடன் வருக, டீ உண்டு’ என்று வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன்.

எங்கள் பெண்கள் கொரியத் தொடர்களில் ஊறிப்போனவர்கள். இரண்டாவது மாடி வசந்தா அக்கா அந்த நடிகர்களின் பெயர்களைச் சொந்தத் தம்பிகளின் பெயர் மாதிரி சொல்வார். ஞாயிறு மதியம் ஹால் நிரம்பி வழிந்தது. “ஹீரோ எப்படி இருப்பான்?” என்று ஆசையாகக் கேட்டார் அக்கா. “ஆழமா இருப்பார்க்கா” என்றேன். (அடிப்பாவி!)

அன்று டீ போட வந்தவர் யாதம்மா. எங்கள் பிளாக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் மூத்தவர். இருபது வருஷமாகத் தமிழ் வீடுகளில் புழங்கி, உள்ளூர் உருதைக் கலந்து தனக்கென்று ஒரு தமிழையே உண்டாக்கி வைத்திருப்பவர். மறுநாள் திங்கட்கிழமை, எட்டு மாதக் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நான் ஆபீசுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. விடுப்பை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. “இந்தத் திங்களும் வரலைன்னா வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்” என்று மேனேஜர் தேன் தடவிச் சொல்லியிருந்தார். பிரசன்னாவுக்கு வீட்டிலிருந்தே வேலைதான். அவரிடம் விடலாமே என்பீர்கள். விடலாம், குழந்தை அவரைப் பார்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்ததும். ஆக, என் வேலை முழுக்க முழுக்க யாதம்மாவின் கையில் இருந்தது.

அவரையும் உட்கார்ந்து படம் பார்க்கச் சொன்னேன். கலை எல்லோருக்கும் பொது என்று ஐந்தாவது வாரப் பாடத்தில் வந்திருந்தது. அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடியது. நான் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் அரைமணி நேரம் பிரமாதம். பிறகு வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். முன் வரிசை முழுக்கக் குழந்தைகள்.

“அவருக்குத் தலைவலி. மருந்து கேட்கிறார்” என்றேன்.

“நோ ஆன்ட்டி, ராங்!” வசந்தா அக்காவின் பத்து வயது மகள் ஷ்ரேயா எழுந்து நின்றாள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் வேறு எதிலாவது வரும். “‘ஐ கான்ட் ஸ்லீப் வித்தவுட் யூ.’ இஸ்மே மெடிசின் கஹான் ஹை?” இதில் மருந்து எங்கே வருகிறது என்று இந்தியில் மடக்கினாள்.

“தூக்க மாத்திரையைத்தான் அப்படிச் சொல்றார்” என்று மைக்கிலேயே சமாளித்தேன். சுந்தரம் சார் தொண்டையைக் கனைத்தார். வசந்தா அக்கா பாய்ந்து மகளின் கண்ணைப் பொத்தினார். அவள் விரல் இடுக்கு வழியாகப் படித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இடைவேளைக்காக நான் படத்தை நிறுத்திய இடத்தைக் கேளுங்கள். திரையில் அந்தப் பெண் ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து டீக் கோப்பைகளில் சொட்டுச் சொட்டாக எதையோ விடுகிறாள், கலக்குகிறாள், தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நம்மை நோக்கி வருகிறாள். அங்கே நிறுத்தினேன். (எனக்கு உயிரான ஃபிரேம்!) விளக்கைப் போட்டேன். கதவருகே டீத் தட்டுடன் யாதம்மா நின்றுகொண்டிருந்தார்.

நாற்பது தலைகளும் திரும்பின. திரையைப் பார்த்தார்கள், யாதம்மாவைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லியிராத சுந்தரம் சார், “எனக்கு... சுகர்...” என்று இழுத்தார். வசந்தா அக்கா வாங்கி, நைசாகக் காலடியில் வைத்தார். எனக்கும் ஒரு கப் வந்தது. மைக் பிடிக்க வேண்டும் என்று பாவனை செய்து மேஜைமேல் வைத்தேன். நானும் குடிக்கவில்லை. அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வெட்கக்கேடு என்பது மட்டும் தெரியும். யாதம்மா அத்தனை கப்பையும் நிரம்பியபடியே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வாட்ஸாப் கொதித்தது. ‘இது குடும்பப் படமா, குடும்பத்தைக் கெடுக்கிற படமா?’ என்று ஒருவர். வசந்தா அக்கா தன் வீட்டுப் பணிப்பெண்ணிடம் கரப்பான் மருந்து எங்கே இருக்கிறது என்று ஒன்றுக்கு மூன்று முறை கேட்டாராம். சுந்தரம் சாரின் மனைவி அடுப்படியிலேயே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். விளைவு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யாதம்மா வரவில்லை. பிளாக்கில் ஒரு வீட்டுக்கும் ஒருவரும் வரவில்லை. ஒன்பதரைக்கு எனக்கு ஆபீஸ் வண்டி.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்தெருவில் இருக்கும் யாதம்மா வீட்டுக்கு ஓடினேன்.

“கைக்கு வந்தே?” என்றார். ஏன் வந்தாய் என்று அர்த்தம். வா என்று அவர் சொல்லவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் யாதம்மா. அந்த டீயை நான் குடிச்சிருக்கணும்.”

“ஹவ், குடிச்சிருக்கணும்” என்று ஒப்புக்கொண்டார். “இருபது வருசமா உங்க எல்லார் வீட்லயும் நான்தான் டீ போடுறேன். ஒருத்தராவது செத்தாங்களா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் பாதி, அவமானத்தில் பாதி. குழந்தை அதற்குள் அவரிடம் தாவிவிட்டது. (துரோகி.) அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து நீட்டினார். சூடுகூடப் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

“சரி, வரேன். ஆனா நான் வேலை செய்யுற நேரத்துல உன் சார் வீட்ல நக்கோ.” இருக்கக் கூடாதாம்.

“யாரு, பிரசன்னாவா? கைக்கு?” பதற்றத்தில் எனக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது.

“நீங்க எல்லாரும் படத்துல அந்தப் பொண்ணைப் பார்த்தீங்க. நான் அந்த வீட்டு சாரைப் பார்த்தேன். நீ மைக்ல பொய் சொன்னே. அவன் மருந்தா கேட்டான்? எனக்குத் தெரியாதா? எல்லாப் பொண்ணுங்களுக்கும் கதை சொல்லிட்டேன். எந்த வீட்லயும் நக்கோன்னு பேசி முடிச்சாச்சு.”

“ஐயோ, இவர் ரொம்ப நல்லவர் யாதம்மா. நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.”

“அந்தக் கொரியா சாரும் பாதிப் படம் வரைக்கும் நல்லவர்தான்.”

வீட்டுக்கு வந்து பிரசன்னாவிடம் சொன்னேன். “நான் என்ன பண்ணினேன்?” என்றார் பாவம். “நீங்க ஒண்ணும் பண்ணலை. இனிமேலும் பண்ணாம இருக்கத்தான்” என்று லேப்டாப்பையும் சார்ஜரையும் கையில் கொடுத்துக் கீழே ஹாலுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் சுந்தரம் சார் செய்தித்தாளுடன் இறங்கி வந்தார். பின்னாலேயே வசந்தா அக்காவின் கணவர், பாதி சவரத்துடன். எனக்கு ஆபீஸ் வண்டி கிடைத்தது, வேலையும் நிலைத்தது.

மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் காலையில் எங்கள் பிளாக்கின் ஆண்கள் அத்தனை பேரும் ஹாலில்தான் இருக்கிறார்கள். கேரம் போர்டு வந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் பிரசன்னாவுக்குப் பின்னால் யார் யாரோ காய் அடித்துக் கத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசையாக ஒரு காபி போட்டுக் கொடுத்தால்கூட, “இன்னும் இடைவேளை வரலை” என்று சொல்லித்தான் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் மூன்றாவது மாடிக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. யாதம்மாவும் நானும் லிஃப்டுக்குப் போனபோது, அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா வாங்கம்மா” என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். யாதம்மா அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினார்.

“ரொம்ப நல்லவரா தெரியுறார். நாளைக்கே கீழே அனுப்பச் சொல்லு.”