பருப்பு சார்

கல்யாணப் பந்தியில் சோற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாம்பார் வாளிக்குள் தலையை நீட்டிப் பார்க்கிற மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான். வேங்கிக்காலில் எங்கள் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த அவரை நாங்கள் ‘பருப்பு சார்’ என்போம்.

“தண்ணிய விடுப்பா. அடியில கரண்டிய விட்டுத் தூக்கு.”

பரிமாறியவர் வாளியைத் துழாவிவிட்டு, “இருக்கறதே இவ்ளோதாங்க” என்றார். சார் எழுந்து நேராகச் சமையற்கட்டுக்கே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஏதோ சண்டை என்று பின்னாலேயே ஓடினார்கள்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய முட்டிவலி. உடம்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சார் கஞ்சியும் மோருமாகக் கிடந்தார். கன்னம் ஒட்டியது, கை கால் சூம்பியது, தொப்பை மட்டும் அசையவில்லை. “கொழுப்பு கரையலைங்க, தசைதான் கரைஞ்சிருக்கு. பருப்பு, முட்டை, மீன், தயிர்னு புரோட்டீன் சேத்துக்கங்க” என்றார் டாக்டர். அன்று வந்த ஞானம், ஆபீசில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் அவித்த முட்டை இருக்கும். ஒருநாள் பெரிய அதிகாரி நடத்திய கூட்டத்தில் சார் கும்பிடு போடக் குனிந்தார். முட்டை மேஜையில் விழுந்து, உருண்டு, அதிகாரியின் பேனாவில் முட்டி நின்றது. சார் அதை அவர் பக்கமாகவே தள்ளினார்.

“சாப்டுங்க சார். நீங்களும் கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்கீங்க.”

அதிகாரி தன் வயிற்றைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. புடவையில் ஒல்லியாகத் தெரிய வேண்டுமே என்று வெள்ளரிக்காயும் பிளாக் டீயுமாக வாழ்ந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

“இன்னாம்மா இது? எடைதான் கம்மியாவணும், ஆளே கம்மியாவக் கூடாது. இந்தச் சுண்டலையாவது துன்னு.”

“உங்க வேலையப் பாருங்க சார்.”

பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மறுநாளும் சுண்டல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸ்காரர்கள் சேர்ந்து கிரிவலம் போனோம். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டியதும் மலையே என்னைச் சுற்ற ஆரம்பித்தது. நான் அப்படியே சரிந்தேன். சார் தன் முட்டியை மறந்து ஓடி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாராம். கண் விழித்தபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா அலறிக்கொண்டு வந்து, “நீங்க யாருங்க?” என்று கேட்டாள்.

துவரையா, கொள்ளா என்று அரை மணி நேரம் பேசக்கூடிய மனிதருக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. “ஆபீஸ்லங்க… சொன்னேங்க… பொண்ணு கேக்கலைங்க…” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தாய்மாமன் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் அந்த இடத்தில் அவர் பெயரைப் போடச் சொன்னது அம்மாதான். நானும் அதையே நினைத்து, அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.