மூன்றாவது காயில்

சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி புறப்படவில்லை, தும்மியது.

ஒரு தும்மல் என்றால் தூசி என்று விட்டுவிடலாம். இது அடுக்கடுக்காகத் தும்மி, நடுவில் ஒரு விக்கலும் எடுத்து, பின்னால் நின்ற அத்தனை ஹாரன்களையும் எழுப்பிவிட்டுத்தான் நகர்ந்தது.

“நேத்துதானே சரி பண்ணிட்டேன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டீங்க?” என்றாள் மனைவி.

“நேத்து சரி பண்ணது கூலண்ட் ஒழுகல். இது மிஸ்ஸிங், இன்ஜின் துடிப்பு விட்டுவிட்டு வருது. இது வேற டிபார்ட்மென்ட்.”

“ஓ, ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு இலவசமா?”

கண்ணாடிக்காரர் கியரை மாற்றினார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுபவர் அவர். முந்தின நாள் இன்ஜினுக்கடியில் பச்சைத் தண்ணீர் சொட்டியதைப் பார்த்ததும், பானட்டைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். புது ஹோஸ் வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். ஒழுகல் நின்றது. அந்தப் பெருமை ஒரு முழு நாள்கூடத் தாங்கவில்லை.

“பேசாம மெக்கானிக்கிட்ட விடுங்களேன்.”

“கண்ணு மங்கினா அவன்தான் என்கிட்ட வரான். நான் அவன்கிட்டப் போறதா?”

வீடு வந்தது. இரண்டு வீடுகளுக்கும் ஒரே வாசல்தான். ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்த வேண்டும். முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவரோடு இந்த வாசலுக்காக நடந்த போரை எழுதினால் தனிப் புத்தகமாகும். அவர் காலி செய்துகொண்டு போனபின் பேக்கரிக்காரர் குடிவந்தார், வாசலில் சமாதானமும் வந்தது. அவருடையதும் அதே கம்பெனி, அதே மாடல் கார். இவர் வண்டி சாம்பல், அவருடையது நீலம். யாருக்கு வெளியே போக வேண்டுமோ அவர் மற்றவர் வண்டியை நகர்த்திக்கொள்ளலாம் என்று ஆளுக்கொரு உபரிச் சாவியைக்கூட மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் ஒரு கேக்குடன் வந்து நின்றார்.

“யாருக்கும் பிறந்தநாள் இல்லையே, தம்பி?”

“சும்மாதாண்ணே. வண்டி... எப்படி ஓடுது?”

“தும்முது தம்பி.”

பேக்கரிக்காரருக்கே இருமல் வந்துவிட்டது. கேக்கைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

“பாத்தீங்களா? நம்ம வண்டிக்கு ஒண்ணுன்னா அவர் முகம் வாடுது,” என்று உருகினாள் மனைவி. “இப்படி ஒரு பக்கத்து வீடு கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும். போனவரோட சண்டையை ஆரம்பிச்சது நீங்க. இவங்களோட ஏதாவது ஆச்சு, உங்களை வெளியே நிறுத்திட்டு நான் அவங்க பக்கம் சேந்துக்குவேன். சொல்லிட்டேன்.”

“நான் என்னடி பண்ணப்போறேன்?”

“அதான் எனக்கும் பயம்.”

மறுநாள் கடைக்கு விடுமுறை. கண்ணாடிக்காரர் பானட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தார். பழைய ஹோஸ் இன்ஜினுக்கு நேர் மேலே. ஒழுகிய கூலண்ட் ஸ்பார்க் பிளக் குழிகளுக்குள் இறங்கியிருக்கும். பிளக்குகள் நான்கு. ஒவ்வொன்றின் தலையிலும் மின்சாரம் ஊட்ட ஒரு காயில். நான்கையும் உருவினார். நான்கிலும் பிசுபிசுப்பு.

“குளிச்சிட்டுத் தலை துவட்டல, அதான் தும்மல்!” என்று கூவிவிட்டு, மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்தார்.

கூந்தலுக்காகப் பிறந்த அந்தக் கருவி, மூன்று குழிவரை முணுமுணுக்காமல் உழைத்தது. நான்காவதில் புகைவிட்டுப் பிராணனைவிட்டது. காயில்களைத் திரும்பச் சொருகி ஸ்டார்ட் செய்தார். தும்மிக்கொண்டிருந்த வண்டி இப்போது சாமியாடியது. ஒரு காயிலுக்கு ஒயரை மாட்ட மறந்திருந்தார். மாட்டியதும் ஆட்டம் நின்றது. தும்மல் நிற்கவில்லை.

“என் டிரையர் எங்கே?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆராய்ச்சியில இருக்கு!”

அடுத்து, இன்ஜின் ஓட ஓட ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். முதலாவதைப் பிடுங்கியதும் வண்டி இன்னும் குலுங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. வேலையே செய்யாத ஆசாமியை வேலையைவிட்டு எடுத்தால் ஆபீசுக்கு என்ன தெரியப்போகிறது?

ஆக, குற்றவாளி மூன்றாம் இடத்தில். பிளக்கா, காயிலா? கடையில் அவர் செய்வதெல்லாம் இதுதான்: ஒரு கண்ணாடி வில்லையை மாட்டி “இது தெளிவா?” என்பார், எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு “அது தெளிவா?” என்பார். சந்தேகமா, மாற்றிப் போட்டுப் பார். ஆனால் தன் வண்டியின் நான்கு காயில்களும் ஒன்றாக நனைந்த கூட்டம். எதன் சாட்சியையும் நம்ப முடியாது. நனையாத, நாணயமான ஒரு காயில் வேண்டும்.

நீல வண்டி சற்றுத் தள்ளி அமைதியாக நின்றது.

விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டி சுடும் பேக்கரிக்காரர் மத்தியானம் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார். சாவி கையில் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டிவிடுவதற்காக ஒருவரை எழுப்புவானேன்?

நீல வண்டியின் மூன்றாவது காயிலை உருவித் தன் வண்டியில் போட்டார். குழி வெறுமனே கிடந்தால் தூசி விழுமே என்று தன்னுடையதை அதில் செருகிவைத்தார். சாவியைத் திருப்பினார். வண்டி புதுக் கல்யாணப் பெண்ணைப்போல அடக்கமாகச் சிரித்தது.

“காயில்தான்!” என்று துள்ளியபோது பேக்கரிக்காரர் வீட்டுக் கதவு திறந்தது.

“அவசர ஆர்டர்ணே!” என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடிவந்தார் பேக்கரிக்காரர். கண்ணாடிக்காரர் நீல வண்டியின் பானட்டை மட்டும் எப்படியோ மூடினார். வாய் திறக்க நேரமில்லை. நீல வண்டி ஒரு தும்மல் போட்டது, ஒரு விக்கல் எடுத்தது, தெருவெல்லாம் தும்மிக்கொண்டே போய் மறைந்தது.

சாயங்காலம் திரும்பிவந்தவரின் முகத்தில் பேயைக் கண்ட வெளுப்பு.

“தம்பி, உங்க வண்டியில நான் ஒரு...”

“வேணாம்ணே, அதைப் பத்தியே பேசாதீங்க. எல்லாம் நான் பண்ண பாவம்.” குரலைத் தாழ்த்தி, “உங்க வண்டி?” என்றார்.

“அது... நல்லா ஓடுது.”

“நல்லா ஓடுதா? என்ன பண்ணீங்க?”

உண்மை தொண்டைவரை வந்தது. ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். “ஹேர் டிரையர்ல காயவச்சேன்,” என்றார்.

“காயவச்சதுக்கே சரியாயிடுச்சா!” பேக்கரிக்காரர் தன் வீட்டுக்குள் பாய்ந்தார். சற்று நேரத்தில் நீல வண்டியின் பானட்டுக்கடியிலிருந்து ஒரு ரீங்காரம், பிறகு ஒரு புகை. அன்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஈரத் தலையோடு இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை கண்ணாடிக்காரர் கடைக்குக் கிளம்பியபோது, தெருமுனையில் நீல வண்டி ஓரமாக நின்றிருந்தது. பேக்கரிக்காரர் தோளில் ஒரு தட்டும் தலையில் ஒரு தட்டுமாக ரொட்டி சுமந்து வீடுவீடாக நடந்துகொண்டிருந்தார். சாம்பல் வண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

‘கண்டுபிடித்துவிட்டார். கோபம். வாசலில் மறுபடி போர்.’ அன்று கண்ணாடிக்காரர் கடையில் கிட்டப்பார்வைக்காரருக்கு எட்டப்பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, “தெளிவா இருக்கா?” என்றார். “தெய்வம் மாதிரி இருக்கீங்க சார், உருவமே தெரியல,” என்றார் அவர்.

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நீல வண்டியை யாரோ தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இரவல் வாங்கினதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம், நம் வண்டி தும்மினால் தும்மட்டும் என்று நீல வண்டியின் பானட்டைத் திறந்தார்.

“அண்ணே!”

பேக்கரிக்காரரின் மனைவி. கையில் துவைத்த துணி.

“எங்க வண்டியையா பாக்கறீங்க? அவர் படுத்திருக்காரு. ரெண்டு நாளா சரியா சாப்பிடல, தூங்கலண்ணே.” உள்ளே போய் ஒரு நாற்காலியையும் காபியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று துணி காயப்போட ஆரம்பித்தாள்.

சொந்த வண்டியிலிருந்து காயிலை உருவி இந்த வண்டியில் மாட்டுவதை இவள் கண்முன் எப்படிச் செய்வது? காபியைக் குடித்தார். காயப்போடத் துணி தீரவில்லை.

“ஒரு சாமான் வாங்கணும்மா, இதோ வந்துடறேன்,” என்று எழுந்து உதிரிபாகக் கடைக்கு நடந்தார். புத்தம்புதுக் காயில் ஒன்று வாங்கிவந்து, அவள் பார்க்கப் பார்க்கவே மூன்றாம் குழியில் இறக்கினார். சாவியைத் திருப்பினார். நீல வண்டி சுகமாக முனகியது. அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பழைய காயிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அவள் கண்ணெல்லாம் நீர்.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. சண்டை வந்தால் வரட்டும், ஜன்னலில் மனைவி நின்றாலும் நிற்கட்டும்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். இந்தக் காயில் விஷயத்துல ஒரு தப்பு...”

“சொல்லாதீங்கண்ணே, அந்தத் தப்பைத்தான் அவர் என்கிட்ட அழுதுகிட்டே சொல்லிட்டாரே!” என்று அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “நீங்க அன்னிக்கு ஹோஸ் வாங்கப் போயிருந்தப்ப, சோதிச்சுப் பாக்கறேன்னு எங்க கெட்டுப்போன காயிலை உங்க வண்டியில செருகிட்டு உங்க நல்ல காயிலை எங்க வண்டியில மாட்டிக்கிட்டு, திருப்பி மாத்தறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்கன்னு வாயைத் திறக்காம இருந்த மனுஷனுக்கு, புதுசு வேற வாங்கிப் போட்டுவிடறீங்களே!”