முள்ளம்பன்றி வேலாயுதமும் பஸ் நிறுத்தத்துக் கதவு எண்ணும்

ஒரு காட்டில் புலி இருந்தது, கரடி இருந்தது, ஆற்றில் முதலையும் இருந்தது. இந்தப் பயமெல்லாம் போதாதென்று குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்றும் இருந்தது.

சங்கத்துக்குச் செயலாளர் கூர்மநாதன் என்னும் ஆமை. பிறக்கும்போதே முதுகில் வீட்டோடு பிறந்தவர். அதனால் வீடில்லாதவர்களைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. "உழைக்கணும் சார்! இந்த வீட்டை நான் ஒருத்தனாத்தானே சுமக்கிறேன்? எவனாவது கை குடுத்தானா?" என்பார்.

அந்தக் குடியிருப்பின் பதினான்காம் வளையில் முத்தழகி என்ற முயல் தனியாக வாழ்ந்து வந்தாள். நல்ல மனசு. ஆனால் முயல் அல்லவா, நல்ல மனசோடு நல்ல பயமும் கூடவே பிறந்திருந்தது. யாருக்காவது உதவலாம் என்று வலது கால் முன்னே போனால், இடது கால் வீட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும்.

அவள் வளைக்கு எதிரே பஸ் நிறுத்தம். அங்கிருந்த பெஞ்சில் வேலாயுதம் என்ற முள்ளம்பன்றி குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் வளை இருந்த இடத்தில் நான்குவழிச் சாலை வந்துவிட்டது. தினமும் அவரைப் பார்த்துப் பார்த்து முத்தழகிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் தக்காளிச் சாதம் கிளறிப் பொட்டலம் கட்டினாள். கிளம்புமுன் பக்கத்து வளை உடும்பு அக்காவிடம், "அரை மணியில திரும்பலைன்னா ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து தேடுங்கக்கா" என்றாள்.

"அடியாத்தீ, எங்கடி போற?"

"எதிர்த்தாப்புலதான்."

பொட்டலத்தைப் பார்த்ததும் வேலாயுதம் பெருமூச்சு விட்டார். "அப்படி ஓரமா வைம்மா. இது பன்னெண்டாவது."

பெஞ்சுக்கு அடியில் பதினொரு பொட்டலம் இருந்தது. அத்தனையும் தக்காளிச் சாதம். பக்கத்தில், கொளுத்துகிற சித்திரை வெயிலில், ஏழு கம்பளிப் போர்வைகள்.

"எல்லாரும் தங்கமானவங்கதான். குடுக்கறாங்க, கூட நின்னு போட்டோ எடுக்கறாங்க, ஓடிர்றாங்க. என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல" என்றார் வேலாயுதம்.

முத்தழகியின் காதுகள் இரண்டும் வெட்கத்தில் மடங்கின. "சரிங்கண்ணே, என்ன வேணும்?"

"போனுக்கு சார்ஜ் போடணும்."

இவ்வளவுதானா என்று அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். "நில்லு தங்கச்சி!" என்று அலறினார் அவர். "நாலு முழம் தள்ளி உக்காரு. திடுக்குன்னா எனக்கு முள்ளு நட்டுக்கும். போன வாரம் ஒரு மான் பாசம் பொங்கி என்னைக் கட்டிப்பிடிச்சிருச்சு. இன்னும் ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்திருக்கு."

முத்தழகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அளவு சொன்ன முதல் ஆள் இவர்தான். நாலு முழம் அளந்து உட்கார்ந்தாள். இப்படித்தான் அவர்கள் சிநேகிதம் தொடங்கியது.

போனை அவள் தன் வளையின் ஜன்னலோரம் சார்ஜில் போட்டாள். திரும்பி வந்து, "உள்ள வாங்கன்னு கூப்பிடலைன்னு தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றாள்.

"கூப்பிட்டிருந்தா நான்தான் பயந்திருப்பேன். பழகி முழுசா ஒரு நாள் ஆகல. நீ எப்படிப்பட்ட முயலோ!"

வளை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் அவர் விண்ணப்பம் பாதியில் நின்றிருந்தது. "வீடு வேணும்னா கதவு எண் எழுதணுமாம். கதவு இருந்தா நான் ஏன் வீடு கேக்கறேன்னேன். அடுத்த கவுண்டருக்குப் போங்கன்னாங்க. அங்க ஒரு ஆந்தை. பகல் பூரா தூங்குது."

முத்தழகி நேரே கூர்மநாதனிடம் போனாள். "ஐயா, பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கதவு எண் குடுங்க. உங்க சீல் இருந்தாப் போதும்."

"கதவே இல்லாத இடத்துக்குக் கதவு எண்ணா? நாளைக்கு மரத்தடிக்குக் கேப்ப, மறுநாள் மழைக்குக் கேப்ப" என்றார் அவர். கேட்ட பாவத்துக்கு, அடுத்த வாரமே சங்கத்தில் தீர்மானம் போட்டு, யாரும் படுக்க முடியாதபடி பெஞ்சு முழுக்க இரும்பு முள் அடித்துவிட்டார்.

திறப்பு விழாவுக்குக் குடியிருப்பே திரண்டது. எல்லாரும் கைதட்டி முடித்ததும் வேலாயுதம் மெல்ல ஏறி மல்லாந்து படுத்தார். இரும்பு முள்ளெல்லாம் அவர் முள்ளுக்கு இடையே சீப்பு மாதிரி இறங்கின. "அம்மாடி! முதுகு சொறிய ஆளில்லாம எத்தனை நாள் தவிச்சேன்! செயலாளருக்குக் கோடி புண்ணியம்" என்றவர், அடுத்த நொடி குறட்டை விட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உட்கார இடமில்லாமல் கால் மாற்றி நின்றார்கள். கூர்மநாதனுக்கு ரத்தம் கொதித்தது. "எந்திரிய்யா!" என்று பெஞ்சில் தாவினார். ஆமை தாவலாமா? வழுக்கிப் புரண்டு, ஓடு இரண்டு முள்ளுக்கு நடுவே வசமாகச் சிக்கி, நான்கு காலும் வானத்தைப் பார்த்து ஆடின. கூட்டம் பதறியது. முள்ளுக்குள் கைவிட ஒருவருக்கும் தைரியமில்லை. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. மல்லாந்த ஆமை வெயிலில் அதிக நேரம் தாங்காது.

வேலாயுதம் கண் விழித்தார். "நகருங்க, நான் தூக்கறேன்."

"தொடாதே! வீடில்லாதவன் என் வீட்டுல கை வைக்கிறதா? மீட்புப் படையைக் கூப்பிடுங்க!"

முத்தழகி போன் போட்டாள். ஒலிபெருக்கியில் ஒரு கிளி பேசியது. "தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. கதவு எண் சொல்லுங்கள்."

"பஸ் நிறுத்தம்ங்க. கதவு எண் கிடையாது."

"கதவு எண் இல்லையென்றால் வண்டி வராது."

"பதினஞ்சு பார் 'ஏ'ன்னு சொல்லும்மா!" என்று கத்தினார் கூர்மநாதன்.

முத்தழகிக்குப் பயத்தில் மீசை நடுங்கியது. ஆனாலும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வாய்வார்த்தை செல்லாதுங்கய்யா. பொய் முகவரி குடுத்தா கேஸாயிரும். எழுதி சீல் வச்சிருங்க" என்றாள்.

ஓட்டுக்குள்ளிருந்து சீல் வந்தது. முத்தழகி எழுதி நீட்ட, கூர்மநாதன் தலைகீழாகவே குத்தினார். கிளிக்கும் எண்ணைச் சொல்லியாயிற்று. "நன்றி. பதினைந்து வேலை நாட்களுக்குள் வண்டி வரும்" என்று அது வைத்துவிட்டது.

கூர்மநாதன் வேலாயுதத்தைப் பார்த்தார். கெஞ்சுகிற குரலில், "கொஞ்சம் பாத்து... பதமா..." என்றார். வேலாயுதம் முள்ளுக்குள் சர்வசாதாரணமாகக் கைவிட்டு ஒரே புரட்டில் அவரை நிமிர்த்தி வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர்களுக்கு எதுவானாலும் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே சீல் வைத்த தாளோடு விண்ணப்பம் போனது. மூன்றாம் வாரம் ஓ.டி.பி. வந்தது. ஜன்னலோரம் சார்ஜில் இருந்த போனைப் பார்த்து முத்தழகி ஒவ்வொரு எண்ணாகக் கூவ, வேலாயுதம் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூவ, கடைசியில் அவளே அதைப் போனில் அழுத்தி முடித்தாள். பதினாறாம் வளை அவருக்கு ஒதுக்கப்பட்டது. முத்தழகி தரையிலிருந்து மூன்றடி குதித்தாள்.

கிரகப்பிரவேசத்துக்குக் கூர்மநாதன் மாலையோடு வந்தார். "நான் அப்பவே சொன்னேன், உழைச்சாக் கிடைக்கும்னு!" வீடு கிடைத்தவர் சங்கத்தில் உறுப்பினர் என்பது விதி. ஆகவே பந்தியிலேயே ஒரு மனுவும் சுற்றி வந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுக்கு அடியில் ஒரு கீரி இரண்டு குட்டிகளோடு வந்து தங்கியிருக்கிறது, உடனே காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. வேலாயுதம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே! நீங்களா?" என்றாள் முத்தழகி.

அவர் தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார். அவருக்கே திகைப்பாகத்தான் இருந்தது. "என்ன மாயமோ தெரியல தங்கச்சி. சாவி கைக்கு வந்து மூணு மணி நேரம்தான் ஆச்சு. அதுக்குள்ள, வாசலுக்கு எதிர்ல யாராச்சும் படுத்திருந்தா கண்ணை உறுத்துது."

முத்தழகி பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தாள். வீட்டுக்கு வந்து கதவுக்கு இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் அடித்தாள். நன்றாகப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கீரியைப் பார்க்க பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

நீதி: வீடில்லாதவர்களிடம் அன்பும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். வீடுள்ளவர்களிடம் எச்சரிக்கை மட்டும் போதும்.